ஒன்று பத்து முதல் ஒன்று ஐம்பது வரை

உப்பக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் பயிர் ஆய்வு நிலையத்தில் வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் உப்பக்காதான். செடிகளுக்கு ஊற்றும் சத்துக் கரைசலுக்கு உப்புகளை நிறுத்துக் கலக்குவது அவள் வேலை. சமையல் உப்பு என்று நினைத்துவிட வேண்டாம். பதினான்கு டப்பாக்களில் பதினான்கு உப்புகள், முக்கால்வாசி வெள்ளை வெளேரென்று ஒன்றுபோலவே இருக்கும். சீட்டை மறைத்துவிட்டு முன்னால் வைத்தால், எது கட்டி தட்டுகிறது, எது கரண்டியில் வழுக்கிக்கொண்டு போகிறது என்று பார்த்தே பெயரைச் சொல்லிவிடுவாள். நான் ஒரு தரம் நம்பாமல் பந்தயம் கட்டி மூக்கறுபட்டேன்.

நான் பேனல் அறையில் இருப்பவன். நான்கு வளர்ப்பு அறைகளின் வெளிச்சம், சூடு, ஈரம், காற்று எல்லாம் என் திரையில் எண்களாக வரும். எண் சரியாக இருந்தால் நான் சும்மா இருக்க வேண்டும். தவறினால் கத்த வேண்டும். சும்மா இருப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அக்கா கிண்டல் செய்வாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு நாற்பத்தைந்து. நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே 'தம்பி' என்று கூப்பிட்டாள். சொந்த அக்கா கூட என்னை அவ்வளவு உரிமையாக அதட்டியதில்லை.

இதை நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. அவள் நல்லவள் என்று நிரூபிக்க நான் எழுதவில்லை, அதற்கு என் சான்றிதழ் தேவையில்லை. நான் செய்தது என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அவளுடைய வீட்டுக்காரரும் இங்கேதான் வேலை பார்த்தார். கரியமில வாயு சிலிண்டர்களை மாற்றுவது, குழாய் பொருத்துவது, வால்வு பார்ப்பது. அவருக்குக் காத்தண்ணன் என்று பெயர். 'காத்தண்ணன் வர்றாரு, கதவச் சாத்துங்க' என்று யாராவது சொன்னால் அவரே முதலில் சிரிப்பார். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஆள் உயர சிலிண்டரைச் சாய்த்துப் பிடித்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டே நடப்பார். ஒரு நாளும் ஒன்றும் கீழே விழுந்ததில்லை.

அக்கா முதலில் நிலையத்து வயலில் களை எடுக்கத்தான் வந்தாளாம். உப்பு அறையில் இருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போனபோது, வாசிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டு இவளை உள்ளே இழுத்துப் போட்டார்கள். ஆறே மாதத்தில் தராசு அவள் கைக்குப் பழகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனவர் உப்பு அறை வாசலில் நின்று, "வேருக்கு நீ போடுற, இலைக்கு நான் போடுறேன். தனித்தனியா எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். இதைவிட அசட்டுத்தனமாக யாரும் பெண் கேட்டிருக்க முடியாது. அக்கா மூன்று நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாளாம்.

பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் சண்டைதான். அதுவும் எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள், கோதுமையைப் பற்றி.

அதைச் சொல்ல வேண்டுமானால் மேடத்தின் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். மேடம் என்றால் எங்கள் கோதுமை ஆய்வாளர், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். காற்றில் இருக்கும் கரியமில வாயுதான் இலைக்குச் சாப்பாடு. வெளிச்சம் பட்டால் இலை அதை இழுத்துச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். இது பள்ளிக்கூடத்துப் பாடம். ஆனால் சர்க்கரையை வைத்துக்கொண்டு மட்டும் செடி பிழைக்காது. புரதம் வேண்டும், அதற்கு நைட்ரஜன் வேண்டும், அது வேர் வழியாக வர வேண்டும். உலகத்துக் காற்றில் இந்த வாயு வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது. கூடினால் கோதுமை நன்றாக விளையும்தானே என்று கேட்டால், "விளையும், ஆனா..." என்று மேடம் இழுப்பார். அந்த 'ஆனா'தான் அவருடைய மூன்று வருஷ உழைப்பு.

நைட்ரஜனைச் செடிக்கு இரண்டு விதமாகக் கொடுக்கலாம். ஒன்று நைட்ரேட், இன்னொன்று அம்மோனியம். நைட்ரேட்டை இலை முதலில் பக்குவம் செய்துகொண்டால்தான் அது உடம்பில் ஒட்டும். கரியமில வாயு கூடிய காற்றில் அந்தப் பக்குவ வேலை மந்தமாகிவிடுகிறது என்பது மேடத்தின் சந்தேகம். செடி முதலில் மதமதவென்று வளரும். பிறகு இலை வெளிறும், ஒளிச்சேர்க்கை தளரும், மணியில் புரதம் குறையும். அம்மோனியம் கொடுத்த செடிக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

இதைச் சோதிக்கத்தான் நான்கு அறைகள். ஒன்றிலும் இரண்டிலும் வெளிக்காற்று அளவே, எண் நானூறு. பத்து லட்சம் பங்கு காற்றில் நானூறு பங்கு கரியமில வாயு என்று அர்த்தம். மூன்றிலும் நான்கிலும் அண்ணன் குழாய் வழியாக வாயு சேர்த்து எழுநூறாக வைத்திருப்போம். ஒவ்வோர் அறையிலும் மணல் நிரப்பிய தொட்டிகளில் கோதுமை. நீலச் சீட்டுத் தொட்டிக்கு நைட்ரேட் கரைசல், மஞ்சள் சீட்டுக்கு அம்மோனியம். இரண்டிலும் நைட்ரஜன் அளவு துளி பிசகக் கூடாது. அம்மோனியம் ஊற்றிய மணல் நாளாக ஆகப் புளிக்கும், நைட்ரேட் அதற்கு நேர்மாறு. அக்கா தினமும் தொட்டிக்கு அடியில் வடிகிற நீரைப் பிடித்துப் புளிப்புப் பார்த்து, மறுநாள் கரைசலைத் திருத்துவாள். அம்மோனியத்துக்குச் 'சிடுமூஞ்சி' என்றும் நைட்ரேட்டுக்குச் 'சாது' என்றும் பெயர் வைத்திருந்தாள்.

மூன்றாம் அறையில் நீலச் சீட்டுச் செடிகள் வெளிற ஆரம்பித்த அன்று காத்தண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன உப்பு, என் காத்துல உன் சாது செல்லுபடி ஆகலையே" என்று ஊரெல்லாம் கேட்கச் சீண்டினார்.

"உங்க காத்து அளவோட இருந்தா எல்லாம் செல்லும். வயிறு முட்டக் காத்தையே குடுத்தா எவனுக்குச் சோறு இறங்கும்?" என்றாள் அக்கா.

இப்படியே பத்து நாள் சண்டை. மத்தியானம் சிலிண்டர் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட டிரம்மில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவார்கள். மணி ஒன்றுக்கு அடிக்கும். அக்கா கரண்டிகளைக் கழுவித் துடைத்துவிட்டு வர ஒன்று பத்து ஆகும். ஒன்று ஐம்பதுக்குத் திரும்பிவிடுவாள். எனக்கு மேடத்தின் ஆராய்ச்சியில் பாதி அந்தச் சண்டையைக் கேட்டுத்தான் புரிந்தது.

மூன்றாவது வருஷம், கடைசிப் பருவம். மூன்றாம் அறைக்குப் போகும் குழாயில், இரண்டாம் அறைச் சுவரை ஒட்டிய இடத்தில் ஒரு பழைய இணைப்பைக் கழற்றிவிட்டு அண்ணன் புதிதாக ஒன்று மாட்டினார். சனிக்கிழமை மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தவர், "ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் சாஞ்சுக்கறேன்" என்று சொல்லிச் சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அக்கா தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். "மணல் புளிச்சிடும்" என்றாள். அவ்வளவுதான். தராசு முன்னால் உட்கார்ந்து, முன்பு எப்படி நிறுத்தாளோ அப்படியே நிறுத்தாள். கண் கலங்கவில்லை. கல்லு மாதிரி இருக்காளே என்று சில பேர் வாயைப் பிளந்தார்கள். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு இவ்வளவுதானா என்று ஒருத்தி நாக்கில் நரம்பில்லாமல் பேசினாள். மத்தியானம் மணி அடித்ததும் அக்கா எங்கேயோ போய்விடுவாள். கொட்டகைக்குப் பின்னால் இல்லை. எங்கே சாப்பிடுகிறாள், சாப்பிடுகிறாளா என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேனா என்றால், நானும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ, அழுதால் நான் என்ன செய்வது என்ற பயம்தான். கேவலமான பயம்.

ஐந்து வாரம் கழித்து மேடம் பேனல் அறைக்கு வந்தார். முகம் சரியில்லை. ஒன்றாம் அறையும் இரண்டாம் அறையும் இரட்டைப் பிள்ளைகள், ஒரே காற்று, ஒரே வெளிச்சம், ஒரே கரைசல். ஆனால் இரண்டாம் அறைச் செடிகளில் இலையைக் கருவியில் கவ்விப் பிடித்து அளந்தால் ஒளிச்சேர்க்கைக் கணக்கு ஒன்றாம் அறையோடு ஒத்துவரவில்லை. சிறிய வித்தியாசம்தான். ஆனால் வரக்கூடாத வித்தியாசம்.

"நிமிஷவாரியா காத்துக் கணக்கை எடுங்க" என்றார்.

நான் தினசரிச் சராசரியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். நானூற்று இரண்டு இருந்த சராசரி நானூற்று எட்டு ஆனதைப் பார்த்திருந்தேன். ஆறு எண் தானே என்று விட்டிருந்தேன். நிமிஷவாரியாக விரித்ததும் கோடு காட்டிக் கொடுத்துவிட்டது. மத்தியானம் ஒன்று பத்துக்கு நானூற்றில் இருந்து ஏற ஆரம்பிக்கிறது. ஒன்று ஐம்பதுக்கு அறுநூற்றைம்பது, சில நாள் அறுநூற்றெண்பது. பிறகு மெல்ல இறங்குகிறது. அண்ணன் இறந்து அக்கா வேலைக்கு வந்த நாளில் இருந்து இப்படி. அந்த நேரத்தில் நான் சாப்பாட்டு அறையில் வெட்டிப் பேச்சு பேசிக்கொண்டிருப்பேன், திரையைப் பார்க்க ஆளிருக்காது.

வாசல் காவலர் எட்டிப் பார்த்துவிட்டு, "காத்தண்ணன்தான் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துட்டுப் போறாரு போல" என்றார். காத்து கருப்பு என்று பேச்சு வளர்ந்தது. நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் வாயில் அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

இயக்குநர் அன்று மாலைக்குள் காரணம் வேண்டும் என்றார். ஒன்று பத்து, ஒன்று ஐம்பது என்ற இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் யாருடைய நேரம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள மெனக்கெடவில்லை. இரண்டாம் அறைச் சுவரை ஒட்டி அண்ணன் புதிதாக மாட்டிய இணைப்பு ஒன்று இருக்கிறது. உச்சி வெளிச்சத்தில் மூன்றாம் அறைக்கு வாயு அதிகம் போகும், அப்போது அங்கே கசியும். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். 'முன்னாள் வாயுப் பணியாளர் பொருத்திய இணைப்பில் கசிந்திருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்து வாரமாகத் திரையைப் பார்க்காதவன் நான். பழியை இறந்தவர் தலையில் கட்டினேன். அவர் எழுந்து வந்து மறுத்துப் பேசப் போவதில்லை.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் இயக்குநர் அலுவலகத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. நான் எழுதிய 'லாம்' வழியிலேயே உதிர்ந்துவிட்டது. முன்னாள் பணியாளரின் கவனக்குறைவான இணைப்பால் கசிவு ஏற்பட்டு ஒரு பருவத்து ஆராய்ச்சி பாதிக்கப்பட்டுள்ளது, அவர் பொருத்திய இணைப்புகள் அனைத்தும் மறுஆய்வு செய்யப்படும் என்று இருந்தது. கவனக்குறைவு என்ற சொல் யார் கைவண்ணம் என்று எனக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு அக்கா பேனல் அறைக்கு வந்தாள். அந்தத் தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டே வந்திருந்தாள்.

"இது யாரு எழுதினது தம்பி?"

"ஆபீஸ்ல இருந்து வந்துச்சு அக்கா" என்றேன்.

"அவரு மாட்டின இடத்துல ஒழுகுதுன்னு யாரு பாத்தா? சோப்பு நுரை வெச்சுப் பாத்தாங்களா?"

குழாயில் கசிவு என்றால் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. யாரும் பார்க்கவில்லை. "அண்ணன் இடத்துக்குப் போட்டிருக்கிற புது ஆளு வந்து பாப்பாரு" என்று முனகினேன்.

"பாக்காமலே கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்களா? அவரு ஒவ்வொரு இணைப்பையும் மூணு தடவ நுரை போட்டுப் பாப்பாரு. எனக்குச் சோறு ஆறிப் போகும், நான் திட்டுவேன். அப்பவும் பாத்துட்டுத்தான் வருவாரு." குரல் உயரவில்லை. தாளை மடித்துக்கொண்டே இருந்தாள். "எத்தனை மணிக்கு ஏறுது?"

"ஒண்ணு பத்துக்கு."

"எப்ப நிக்குது?"

"ஒண்ணு அம்பதுக்கு."

"எந்த ரூமு?"

"ரெண்டு."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. திரைக்குப் பக்கத்தில் வந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். ஏறுகிற இடத்தில் விரலை வைத்து, இறங்குகிற இடம் வரை இழுத்தாள். நான் ஏதோ பேச வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை.

"சிலிண்டர் எல்லாத்தையும் மூடச் சொல்லு. மேடத்தைக் கூப்பிடு. ரெண்டு பேரும் இங்கயே இருந்து எண்ணைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

சிலிண்டர்களை மூடினார்கள். குழாயில் ஒரு துளி வாயு இல்லை. மேடம் வந்து என் பக்கத்தில் நின்றார். இரண்டாம் அறைக் கதவு திறந்து மூடிய விளக்கு எரிந்தது. எண் நானூற்று மூன்று.

ஐந்து நிமிடத்தில் நானூற்று முப்பது. பத்து நிமிடத்தில் நானூற்றெழுபது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, உள்ளே கேமராவும் கிடையாது. பத்து வினாடிக்கு ஒரு எண் வருகிறது, அவ்வளவுதான். ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்த எண் ஓர் இடத்தில் சட்டென்று வேகம் எடுத்தது. ஐந்நூறு, ஐந்நூற்றுப் பதினைந்து, ஐந்நூற்று முப்பது. ஏன் என்று எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது, மனுஷ மூச்சிலும் அதே வாயுதான். உள்ளே அழுகிறாள். ஐந்து வாரமாக நாங்கள் யாரும் பார்க்காத அழுகை என் திரையில் எண்ணாக ஏறிக்கொண்டிருந்தது. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

கோதுமைத் தொட்டிகளுக்கு நடுவில், கவிழ்த்துப் போட்ட கரைசல் வாளியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏறுச்சா மேடம்?"

மேடம் தலையை ஆட்டினார்.

"அவரு மாட்டினது ஒழுகலைங்க. ஒழுகினது நான்தான்."

மின்விசிறிகளின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று அக்கா கொஞ்சம் உரக்கப் பேசினாள். "சும்மாதான் மேடம் உக்காந்திருந்தேன். எதையும் தொடலை. மூணு, நாலுல பத்து நிமிஷத்துக்கு மேல இருந்தா அலாரம் அடிக்கும். ஒண்ணுல நீங்க அளக்க வருவீங்க. இங்கதான் யாரும் வரமாட்டாங்க. ஃபேன் சத்தத்துல வெளியே ஒண்ணும் கேக்காது. அஞ்சு நிமிஷத்துக்கு மேல உள்ள நிக்கக்கூடாதுன்னு அவருதான் கதவுல எழுதி ஒட்டினாரு, தெரியும். அது வேலை பாக்கறவங்களுக்குன்னு நெனச்சேன். நான் வேலை பாக்கலையே."

ஒரு மனுஷியிடம் போய், நீங்கள் மூச்சு விட்டதுதான் தப்பு என்று எப்படிச் சொல்வது? மில்லிகிராம் கணக்கில் உப்பை நிறுக்கிறவள், தன் மூச்சையும் ஒரு சரக்காக எண்ணவில்லை. சிலிண்டர் செய்கிற வேலையை நாற்பது நிமிடத்தில் அவள் அழுகை செய்திருக்கிறது. வெளிக்காற்று அறையைப் பாதி வழிக்கு மேல் மூன்றாம் அறையாக மாற்றியிருக்கிறது. அத்தனை கோதுமையும் அதைக் குடித்து வளர்ந்திருக்கிறது.

மேடம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் போனது சின்ன விஷயமில்லை. இரண்டாம் அறை கெட்டால் ஒன்றாம் அறைக்குத் துணை இல்லை, துணை இல்லாத கணக்கை வெளியில் யாரும் ஏற்க மாட்டார்கள், இன்னொரு பருவம் போட அனுமதியும் இல்லை. ஆனால் அவர் கத்தவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா. என் ரூமைப் பூட்டிக் குடுத்திருப்பேனே" என்றார். அக்கா மேடத்தின் தோளைத் தொட்டு, "மன்னிச்சிடுங்க மேடம். உங்க செடி போச்சு. அது என்னால போச்சு. அவராலன்னு மட்டும் இருக்கக் கூடாது" என்றாள்.

இயக்குநர் அறையிலும் இதையேதான் சொன்னாள். அவர் தாளை எடுத்துவிடுகிறேன் என்றார். "எடுத்தா போதாதுங்க. நாலு பேரு படிச்சிட்டாங்க. மாத்தி எழுதி ஒட்டணும்" என்றாள். வேலை போகும் என்று நான் நினைத்தேன். மேடம் இடையில் புகுந்து போராடியதால் போகவில்லை. இனி வளர்ப்பு அறைகளுக்குள் நுழையக் கூடாது, உப்பு அறையோடு நிற்க வேண்டும், சாவியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று முடிவானது. வடிநீர் பிடிக்க வேறு ஆள் போடுவார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

அதற்கு முன்னால் இரண்டாம் அறைச் செடிகளை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அக்காவே வெட்டுகிறேன் என்றாள். அன்று முழுக்க ஒவ்வொரு தொட்டியாகத் தரையோடு அறுத்து, நீலச் சீட்டையும் மஞ்சள் சீட்டையும் கலக்காமல் கட்டி, நிறுத்து, உறையில் போட்டு எழுதினாள். எதற்கும் உதவாத செடிகள். அவற்றை எதற்கு நிறுக்கிறாய் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தெட்டுத் தொட்டி. கதிர் விடும் தறுவாயில் இருந்தவை.

புது அறிவிப்பை எழுதும் வேலை என்னிடமே வந்தது. இந்தத் தடவை எந்த 'லாம்'மும் இல்லாமல் எழுதினேன். 'முன்னாள் வாயுப் பணியாளர் பொருத்திய இணைப்புகளை நுரைச் சோதனை செய்ததில் எதிலும் கசிவு இல்லை. அவருடைய வேலையில் எந்தக் குறையும் இல்லை. இதற்கு முன் ஒட்டிய அறிவிப்பு தவறானது.' புது ஆள் உண்மையாகவே எல்லா இணைப்பிலும் நுரை போட்டுப் பார்த்திருந்தார். ஒரு குமிழி வரவில்லை. இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒட்டுவதற்கு முன்னால் அக்கா ஒரு தரம் பார்க்கட்டும் என்று கூப்பிட்டு அனுப்பினேன்.

அக்கா சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். தாளை வாங்கி ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். இரண்டாவது வரியை மறுபடியும் படித்தாள். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக முகத்தில் இறுக்கம் தளர்ந்தது.

"நல்லா எழுதியிருக்கே தம்பி. அவரு இருந்து படிச்சா கூச்சப்படுவாரு. உன்கூட இதப் பேசிச் சிரிக்க அவரு இல்லாமப் போயிட்டாரு."

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பதில் கெட்டிக்காரன் நான். ஆனால் அந்தப் பாராட்டில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மொதல்ல எழுதினதும் நான்தான் அக்கா" என்றேன்.

அவள் தாளில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆபீஸ்ல இருந்து வந்துச்சுன்னு சொன்னே."

"பயந்துட்டுச் சொன்னேன். அஞ்சு வாரம் நான் திரையைப் பாக்கலை. எனக்குத்தான் கெட்ட பேரு வரும்னு..."

"சரி, தெரியாமத்தானே எழுதினே?" என்றாள். அவளே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாள். இறந்தவரின் சிநேகிதன், பக்கத்திலேயே இருந்தவன், தெரியாமல் செய்துவிட்டான் என்று நினைக்க அவளுக்கு ஆசை இருந்தது. அது அவள் குரலிலேயே தெரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

மேஜையில் ஐந்து வாரக் கோடும் அச்செடுத்துக் கிடந்தது, அறிவிப்போடு கோப்பில் வைப்பதற்காக. அவள் கண் அதன்மேல் போயிற்று. ஆறு மேடு, ஒரு சமவெளி. மறுபடியும் ஆறு மேடு, ஒரு சமவெளி. எண்களோடு பழகியவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஞாயித்துக்கிழமையில ஏறவே இல்லையே" என்றாள். "எழுதறதுக்கு முன்னாடியே இதப் பாத்தியா?"

பார்த்தேன். அன்றைக்கே பார்த்தேன். ஒழுகுகிற குழாய் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுக்காது, இது வாரத்தில் ஆறு நாள் வேலைக்கு வருகிற மனிதர் யாரோ என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. மாலைக்குள் காரணம் வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். அந்த நினைப்பை ஒதுக்கித் தள்ளிவிட்டு எழுதினேன்.

"பாத்தேன் அக்கா."

அவள் தாளை மேஜையில் வைத்தாள். மூலை மடங்கியிருந்ததை நீவிவிட்டாள். பிறகு வளையத்தில் இருந்து இரண்டாம் அறைச் சாவியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

"சாவி இங்க இருக்கு சார். கையெழுத்துப் போட்டு எடுத்துக்கங்க."

எனக்குப் பின்னால் இயக்குநர் வந்து நிற்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.